உரிமம் எங்கே செல்லாது என்பதையும் எழுதிக் கொடுங்கள்

பென்சில்வேனியா மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தாருக்கும், கவுன்டிதோறும் கைத்துப்பாக்கி உரிமம் வழங்கும் ஷெரிஃப் அலுவலகத்தாருக்கும், ஃபிலடெல்ஃபியாவில் அதே பணியைச் செய்யும் காவல் துறையினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அம்மையீர், ஐயா,

வணக்கம். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கு இம்மாநிலம் வழங்கும் உரிமத்தைப் பெற்றவர்களில் நானும் ஒருவன். ஃபிலடெல்ஃபியாவின் புறநகர் ஒன்றில் சிறிய மளிகைக் கடை நடத்துகிறேன். இரவில் கல்லாப் பணத்தோடு கடையைப் பூட்டிவிட்டுத் தனியே காருக்கு நடக்க வேண்டியிருப்பதால் உரிமம் வாங்கினேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. உரிம அட்டையைக் கையில் கொடுக்கும்போதே, அந்த அட்டை எந்தெந்த மாநில எல்லையில் செல்லாக்காசாகிறது என்பதையும், அங்கே போக வேண்டியவர் துப்பாக்கியை என்ன செய்ய வேண்டும் என்பதையும் எளிய சொற்களில், தேதியிட்டு, அரசின் பெயரால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதில் ஏதேனும் மாறும்போது எங்களுக்குத் தெரிவியுங்கள். இம்மடலின் ஆங்கில வடிவத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இதே உரிமத்தை வைத்துக்கொண்டு இதே சாலைகளில் போய்வரும் நம்மவர்களும் படிக்க வேண்டும் என்பதால் தமிழிலும் வெளியிடுகிறேன்.

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய வழக்குக்குள் நான் நுழையவில்லை. நியூ ஜெர்சி தன் எல்லைக்குள் கடுமையான சட்டம் வைத்திருந்தால் அது அம்மாநில மக்கள் தங்கள் சட்டமன்றம் வழியாக எடுத்த முடிவு. அதற்குக் கட்டுப்பட்டு நடக்க விரும்புகிற ஒருவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை. கடுமையான சட்டத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இதில் ஒன்றுபட முடியும் என்று நம்புகிறேன். சட்டம் தெரியாமல் எல்லை தாண்டும் துப்பாக்கியால் நன்மை அடைபவர் எந்தத் தரப்பிலும் இல்லை.

இம்மாநிலத்தில் உரிமம் பெறும் முறை எளிது. விண்ணப்பத்தை நிரப்பி, 20 டாலர் கட்டி, பின்னணி விசாரணையில் தடை ஏதும் வராவிட்டால், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் அட்டை கிடைத்துவிடும். வகுப்பில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த எளிமையை நான் குறையாகச் சொல்லவில்லை; பகல் முழுவதும் கடையில் நிற்பவர்களுக்கும் இரட்டை ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் கட்டாய வகுப்பு உள்ள மாநிலங்களில், எல்லையைத் தாண்டும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று பயிற்றுநர் ஒருவராவது வாய்விட்டுச் சொல்ல வாய்ப்பு உண்டு. இங்கே அதைச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. அட்டையில் பெயர், பிறந்த தேதி, உயரம், எடை, கண்ணின் நிறம் வரை அச்சாகியிருக்கிறது. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற விவரம் அதில் இல்லை.

இல்லாத விவரத்தை மக்கள் தாங்களாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறார்கள். பென்சில்வேனியா ஓட்டுநர் உரிமத்தோடு ஃபுளோரிடா வரை கார் ஓட்டிப் போகலாம். ஷெரிஃப் கையெழுத்திட்ட இன்னோர் அட்டையும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணுவது அறிவீனம் ஆகாது. இரண்டும் ஒரே பர்ஸில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் நம்மைச் சுற்றியுள்ள மாநிலங்களில் நியூ ஜெர்சி, நியூ யார்க், மேரிலாண்ட் ஆகிய மூன்றும் பிற மாநிலங்களின் துப்பாக்கி உரிமம் எதையும் ஏற்பதில்லை. மேற்கே ஒஹாயோவும் மேற்கு வர்ஜீனியாவும் நேர்மாறானவை. 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் உரிமமே இல்லாமல் எடுத்துச் செல்ல அங்கே அனுமதி உண்டு. பிட்ஸ்பர்க் பக்கம் வாழ்பவருக்கு ஏற்படும் பழக்கமும் ஃபிலடெல்ஃபியா பக்கம் வாழ்பவருக்கு வேண்டிய எச்சரிக்கையும் ஒரே உரிமத்தைச் சார்ந்தவை என்பதே விந்தை.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலத்தின் வழியாக ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கேம்டனுக்குப் போவதை எண்ணிப் பாருங்கள். போகும் திசையில் சுங்கம்கூட வாங்குவதில்லை. திரும்பி வரும்போதுதான் வாங்குகிறார்கள். தடுப்பு இல்லை, கேள்வி இல்லை, காரின் வேகத்தைக் குறைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆற்றின் நடுவே மாநிலம் மாறும் அந்தக் கணத்தில், அதுவரை சட்டப்படி இடுப்பில் இருந்த துப்பாக்கி, ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய இரண்டாம் நிலைக் குற்றமாகிறது. அதிலும் கிரேவ்ஸ் சட்டம் எனப்படும் விதியின்படி, பொதுவாக மூன்றரை ஆண்டு கழியும் வரை பரோலுக்கும் வழியில்லை.

இது ஏட்டளவிலான அச்சம் அல்ல. 2013 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஓர் இளம் தாய், நம் மாநில உரிமத்தோடும் சட்டப்படி வாங்கிய கைத்துப்பாக்கியோடும் நியூ ஜெர்சியின் அட்லான்டிக் கவுன்டியில் காரில் சென்றபோது, சாதாரணப் போக்குவரத்துச் சோதனைக்காக நிறுத்தப்பட்டார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே காவலரிடம் சொன்னார். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை, ஏனென்றால் தன் உரிமம் அங்கும் செல்லும் என்று நம்பியிருந்தார். கைது செய்யப்பட்டார், சிறையில் அடைக்கப்பட்டார், மூன்றரை ஆண்டுக் கட்டாயத் தண்டனை தலைக்கு மேல் தொங்க ஏறத்தாழ ஓர் ஆண்டு வாழ்ந்தார். 2014 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் அட்டர்னி ஜெனரல் அலுவலகம், வெளிமாநிலத்திலிருந்து நல்லெண்ணத்தோடு வந்து இப்படிச் சிக்கிக்கொள்பவர்களைப் பெரும்பாலான வழக்குகளில் சிறைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று அரசு வழக்கறிஞர்களுக்கு விளக்கம் அனுப்பிய பிறகே, அவருக்கு வழக்கு விசாரணைக்கு மாற்றான திட்டத்தில் இடம் கிடைத்தது. 2015 ஏப்ரலில் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

அந்த விளக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அது அரசு வழக்கறிஞருக்கான வழிகாட்டுதலே. கைதாகாமல் இருப்பதற்கான உத்தரவாதம் அல்ல. வேலை போவது, வழக்கறிஞருக்குக் கட்டணம் தேடுவது, குழந்தைகளை யாரிடமாவது விட்டுச் செல்வது ஆகிய எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அந்தக் கருணை வேலை செய்யத் தொடங்குகிறது. அவருக்கு அட்டை தரப்பட்ட நாளன்று, அட்டையோடு சேர்த்து, நியூ ஜெர்சியில் இது செல்லாது என்று ஒரு வரி எழுதித் தரப்பட்டிருந்தால் ஆளுநரின் மன்னிப்பு வரை போக வேண்டிய தேவை இருந்திருக்குமா என்று உங்களைக் கேட்கிறேன்.

இனி, எங்களுக்குள் அரைகுறையாகப் பரவியிருக்கும் 'பாதுகாப்பான பயணம்' பற்றிச் சொல்ல வேண்டும். 1986ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டம், மாநிலங்கள் வழியாகத் துப்பாக்கியோடு பயணம் செய்பவருக்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. 'டிக்கியில் பூட்டி வைத்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் போகலாம்' என்பதே நம்மிடையே அதற்கு வழங்கும் விளக்கம். சட்டம் சொல்வது அது அல்ல. புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும், இரண்டிலுமே, அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் பயணிக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் காரில் உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். கிளவ் பாக்ஸையும் இருக்கைகளுக்கு நடுவில் உள்ள கன்சோலையும் அந்தப் பூட்டிய பெட்டிக் கணக்கில் சட்டம் சேர்ப்பதில்லை. நம்மில் பலர் முதலில் கை வைப்பதோ கிளவ் பாக்ஸில்தான்.

ஆகவே, ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மேய்ன் மாநிலத்துக்குப் போகும் ஒருவர் நியூ ஜெர்சியையும் நியூ யார்க்கையும் கடந்து செல்லும்போது இந்தச் சட்டத்தின் நிழலில் நிற்கலாம். எடிசனில் உள்ள மாமா வீட்டுக்கோ, பிரிட்ஜ்வாட்டரில் உள்ள கோயிலுக்கோ போகிறவருக்கு அந்த நிழல் இல்லை. அவர் போய்ச்சேரும் இடமே நியூ ஜெர்சி. வாரக் கடைசியில் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் போகும் பயணம் இந்த இரண்டாவது வகைதான். அவர்களுக்கான சரியான விடை மிகச் சிறியது: துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். இந்த ஒரு வரியை அரசு அலுவலகம் ஒன்று சொல்லிக் கேட்கும்போது உள்ள எடை, கடைக்கு வந்தவர் சொல்லிக் கேட்கும்போது இராது.

கடந்து செல்பவருக்கும் இடையில் நேரும் தடங்கல் ஆபத்தாகலாம். யூட்டாவிலிருந்து நம் ஆலன்டவுனுக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்த ஒருவர், 2005இல் நியூ ஜெர்சியின் நியூவர்க் விமான நிலையத்தில் இணைப்புப் பயணத்தைத் தவறவிட்டு, பெட்டியைப் பெற்றுக்கொண்டு அன்றிரவு விடுதியில் தங்க நேர்ந்தது. துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள்தான் இருந்தது. மறுநாள் காலை விமான நிலையத்தில் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை விதிப்படி அவரே தெரிவித்தார், கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டாலும், அவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கை 2010இல் மூன்றாம் சுற்றுக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. விடுதியில் தங்கிய இரவில் பெட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது என்பதே காரணம். அவர்மீது பிழையில்லாமலே இக்கட்டில் மாட்டிக்கொண்டார் என்பதை நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். பெட்டியை வாங்கும் முன்பே விமான நிலையக் காவலரிடம் நிலைமையைச் சொல்லி, அன்றிரவுக்குத் துப்பாக்கியை அவர்கள் பொறுப்பில் வைக்கும்படி கேட்டிருக்கலாம் என்றும் வழி சொன்னார்கள். மூன்றே ஆண்டில், 2013இல், அதே நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பு வாகனத்தில் கொண்டு செல்வதற்கு மட்டுமே என்று இன்னும் சுருக்கியது. பென்சில்வேனியாவும் அந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருகிறது. துப்பாக்கியைக் காவலர் பொறுப்பில் விடலாம் என்ற, பயணிக்குப் பெரிதும் உதவக்கூடிய அந்த யோசனை நீதிமன்றத் தீர்ப்பின் பக்கங்களுக்குள் கிடக்கிறது. விமான நிலையத்துக்குப் புறப்படுகிறவரின் கையில் அது இல்லை.

நியூ யார்க் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாநிலத் தண்டனைச் சட்டத்தின்படி, துப்பாக்கிக்குள் தோட்டா இல்லாவிட்டாலும், அதில் போடக்கூடிய தோட்டாவை அதே நேரத்தில் வைத்திருந்தால் அது தோட்டா நிரப்பிய துப்பாக்கியாகவே கருதப்படும். வெளியே அப்படி வைத்திருப்பதற்கு அங்கேயும் குறைந்தபட்சத் தண்டனை பொதுவாக மூன்றரை ஆண்டு. தோட்டாவைத் தனியே எடுத்து இன்னொரு பையில் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கும் ஒருவருக்கு இது எப்படித் தெரியும்? அவர் தன் அறிவுக்கு எட்டிய அளவில் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டார்.

குடியேறியவர்களுக்கு இதில் இன்னொரு படுகுழி உண்டு; அதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நம்மவர்களில் பலர் இன்னும் குடியுரிமை பெறாதவர்கள் என்பதுதான். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் வைத்திருக்கலாம், இம்மாநில உரிமமும் பெறலாம். ஆனால் சட்டத்துக்கு மாறாகத் துப்பாக்கியை வைத்திருந்ததாகவோ எடுத்துச் சென்றதாகவோ ஒருமுறை தண்டிக்கப்பட்டால், குடியேற்றச் சட்டப்படி அதுவே நாடு கடத்தப்படுவதற்குப் போதுமான காரணம். குடிமகனுக்குச் சிறைத் தண்டனையோடு முடியும் அதே எல்லை மீறல், கிரீன் கார்டு உள்ளவருக்கு வீட்டையும் கடையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டுப் போவதில் முடியலாம். விண்ணப்பத்தில் குடியுரிமை பற்றிய கேள்வி இருக்கிறது. அந்தப் பதிலைப் படித்துவிட்டு அட்டையைக் கொடுக்கும் அலுவலகம் இந்த ஆபத்தையும் ஒரு வரியில் சொல்லலாம்.

உரிமம் செல்லுபடியாகும் மாநிலத்திலும் விதிகள் ஒன்றாக இல்லை. பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒஹாயோ வழியாக டெட்ராய்ட்டுக்குப் போகும் ஒரே நாள் பயணத்தில், காவலர் நிறுத்தினால் வாய் திறக்க வேண்டிய நேரமே மாறுகிறது. ஒஹாயோவில் 2022 ஜூனிலிருந்து, காவலர் கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும். மிச்சிகனிலோ, கேட்கும் வரை காத்திராமல் உடனே தெரிவிக்க வேண்டும், தவறினால் அபராதம். டெக்சாஸில், குறிப்பிட்ட சட்டப் பிரிவின் வாசகத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுதிக் கடை வாசலில் வைத்திருந்தால் துப்பாக்கியோடு உள்ளே நுழைவதே குற்றம். அப்படி ஒரு பலகையை நம் ஊரில் பார்த்தே இராதவர், ஹூஸ்டனில் அதைக் கடந்து போகும்போது விளம்பரம் என்றே நினைப்பார். தோட்டாவை நிரப்பும் மேகசினுக்கு நம் மாநிலத்தில் அளவுக் கட்டுப்பாடு இல்லை. நியூ ஜெர்சியிலும் நியூ யார்க்கிலும் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை வைத்திருப்பதே குற்றம். துப்பாக்கியோடு கடையில் வாங்கும்போதே பெட்டியில் வந்த மேகசினாக இருந்தாலும் அப்படித்தான்.

பள்ளிகளைச் சுற்றியுள்ள பகுதி பற்றிய கூட்டாட்சிச் சட்டம் இவற்றுள் மிகவும் கவனிக்கப்படாதது. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது பொது விதி. உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்குக்குச் சட்டம் கேட்பது, பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலம் வழங்கிய உரிமம். பென்சில்வேனியா உரிமத்தை இன்னொரு மாநிலம் ஏற்றுக்கொண்டாலும், அது அந்த மாநிலம் வழங்கிய உரிமம் ஆகிவிடாது. ஊருக்குள் போகும் எந்தச் சாலைதான் ஒரு பள்ளிக்கு 1,000 அடிக்குள் போகாமல் இருக்கிறது? பூட்டிய பெட்டியில், தோட்டா இல்லாமல் வைப்பதே அங்கே ஐயத்துக்கு இடமில்லாத வழி. இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், இத்தனை மாநிலங்களில் உங்கள் உரிமம் செல்லும் என்று மட்டும் பட்டியல் தருவது பாதி உண்மை.

பட்டியல் என்றதும், எந்த மாநிலம் எந்த மாநிலத்தின் உரிமத்தை ஏற்கிறது என்று காட்டும், அட்டர்னி ஜெனரல் அலுவலகம் வெளியிடும் பரஸ்பர ஏற்புப் பட்டியல் நினைவுக்கு வரும். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது வழக்கறிஞர் படிப்பதற்கு ஏற்ற ஆவணம். இரவு பத்து மணிக்குக் கடையடைத்துவிட்டு மறுநாள் காலைப் பயணத்துக்கு மூட்டை கட்டுபவர் படிப்பதற்கு ஏற்றது அல்ல. எழுத்து மூலமான உடன்படிக்கை, உடன்படிக்கை இல்லாமலே ஏற்பு, உள்ளூர்வாசிகளின் உரிமம் மட்டும் ஏற்பு என்று வகை வகையாகப் பிரியும் இடத்தில், நாம் அவர்களுடைய உரிமத்தை ஏற்பதும் அவர்கள் நம்முடையதை ஏற்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதே பலருக்குத் தப்பிவிடுகிறது. ஒரு மாநிலத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறது என்ற அளவில் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

பட்டியல் மாறவும் செய்கிறது. 2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரல், 25 மாநிலங்களின் உரிமங்களை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தார். அடுத்த மாத இறுதிக்குள் அரசியல் உடன்பாடு ஏற்பட்டு, 2016 ஜூலை முதல் எல்லா மாநில உரிமங்களையும் ஏற்கும் சட்டம் வந்தது. இடைப்பட்ட அந்த மாதங்களில் வர்ஜீனியாவுக்குப் போய்வந்தவர்கள் எந்தச் செய்தியை நம்பியிருப்பார்கள்? 2013இல் பென்சில்வேனியா அட்டர்னி ஜெனரல் அலுவலகமே ஃபுளோரிடாவுடனான உடன்படிக்கையைத் திருத்தி, ஃபுளோரிடாவாசிகளின் உரிமத்தை மட்டுமே ஏற்பது என்று முடிவெடுத்தது. அதுவரை ஃபுளோரிடாவாசியாக இல்லாமலே அந்த மாநில உரிமத்தோடு இங்கே நடமாடிய பென்சில்வேனியாவாசிகள் புதிதாக இம்மாநில உரிமம் பெற வேண்டியதாயிற்று. 2022 ஜூன் 23 அன்று நியூ யார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு மாற்றத்தின் வேகம் இன்னும் கூடியிருக்கிறது. உரிமம் பெறத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற பழைய விதி போயிற்று. அதற்குப் பதிலாக நியூ யார்க்கும் நியூ ஜெர்சியும் மேரிலாண்டும், உரிமம் உள்ளவரும் துப்பாக்கியோடு நுழையக் கூடாத இடங்களின் நீண்ட பட்டியல்களைச் சட்டமாக்கின. அவற்றில் பல நீதிமன்றங்களில் நிறுத்தப்படுவதும் மீண்டும் உயிர்பெறுவதுமாக இருக்கின்றன. அந்தத் தீர்ப்போடு எல்லா மாநிலமும் திறந்துவிட்டது என்று நம்பும் நண்பர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். நியூ ஜெர்சியில் வெளிமாநிலத்தவரும் விண்ணப்பித்து அம்மாநில உரிமம் பெறலாம் என்பது உண்மை. நம் அட்டை அங்கே இன்றும் செல்லாது என்பதும் உண்மை.

இந்த வெற்றிடத்தைக் கைபேசிச் செயலிகளும், விலைக்கு விற்கும் கையேடுகளும், சந்தா வாங்கிக்கொண்டு சட்ட உதவி தரும் நிறுவனங்களும் நிரப்புகின்றன. அவற்றில் நேர்மையாக உழைப்பவையும் உண்டு. ஆனால் செயலியில் பச்சை நிறம் காட்டியது என்று நீதிமன்றத்தில் சொன்னால் அது வாதமாகாது. வெளிமாநில உரிமம் ஒன்றைப் பெற்றால் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் எடுத்துச் செல்லலாம் என்று கூவி வகுப்பு நடத்துபவர்களிடம், மீதி மாநிலங்கள் எவை என்று கேட்பவர் குறைவு. எங்களுக்கு வேண்டியதோ அந்த மீதிதான்.

நான் கேட்கும் தாள் புதிய துறை எதையும் உருவாக்கக் கோரவில்லை. துப்பாக்கி வாங்குபவருக்கு, மாநிலக் காவல் துறை எழுதிய பாதுகாப்புக் கையேட்டை விற்பனையாளர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று நம் சட்டத்திலேயே இருக்கிறது. இம்மாநிலச் சட்டத்தின் சுருக்கத்தைத் தரும் அந்தக் கையேட்டின் எண்ணத்தை, மாநில எல்லைக்கு அப்பாலும் நீட்டும்படிதான் கேட்கிறேன். அதுபோல, உரிமம் காலாவதியாவதற்குக் குறைந்தது 60 நாள்களுக்கு முன் ஷெரிஃப் அலுவலகம் புதுப்பிப்பு விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம். அந்த உறைக்குள் ஒரு தாளைக் கூடுதலாக வைப்பதற்குத் தனித் தபால் செலவு இல்லை. இடையில் அண்டை மாநிலம் ஒன்றின் சட்டம் மாறினால், முகவரி உங்களிடம் இருக்கிறது. ஒட்டிய உறையில் அனுப்புங்கள். உறையில்லாத அஞ்சலட்டையில் உரிமச் செய்தியை அனுப்பி, உரிமம் வைத்திருப்பவரின் அடையாளத்தை வெளிப்படுத்திவிட்டதாக ஒரு கவுன்டி நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். விரும்பிப் பதிவு செய்துகொள்பவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதும் எளிதே.

தாளில் ஐம்பது மாநிலமும் வேண்டாம். நம்மைச் சுற்றியுள்ள ஆறு மாநிலங்கள் முதல் பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி: நம் உரிமம் செல்லுமா, செல்லாவிட்டால் துப்பாக்கியை எப்படிக் கட்டி எங்கே வைத்துக் கடந்து போவது, அங்கேயே தங்க நேர்ந்தால் என்ன செய்வது, காவலர் நிறுத்தினால் எப்போது சொல்வது, மேகசினுக்கும் தோட்டாவுக்கும் என்ன வரம்பு. பின்பக்கத்தில் விமானப் பயணமும் பள்ளிச் சுற்றுப்பகுதியும் குடியுரிமை இல்லாதவருக்கான எச்சரிக்கையும். மேலே பெரிய எழுத்தில், இது எந்தத் தேதி வரை சரிபார்க்கப்பட்டது என்ற குறிப்பு. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களும் அகராதி இல்லாமல் படிக்கும்படி அதன் நடை இருக்க வேண்டும்.

இதில் சட்டச் சிக்கல் ஒன்று இருப்பதை அறிவேன். பென்சில்வேனியா அலுவலர் சொன்னதை நம்பினேன் என்பது நியூ ஜெர்சி நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. தன் மாநிலச் சட்டத்தைப் பற்றி அந்தந்த மாநிலத்தின் சொல்லுக்குத்தான் அங்கே மதிப்பு. அதனாலேயே இக்கோரிக்கையை அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திடம் முதலில் வைக்கிறேன். பிற மாநிலங்களோடு உரிம உடன்படிக்கை பேசும் அதிகாரத்தையும் கடமையையும் சட்டம் உங்களிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. ஏற்பு உடன்படிக்கைக்கு இணங்காத மாநிலமும், தன் சட்டத்தைப் பற்றிய பத்தி சரியாக இருக்கிறது என்று உறுதிசெய்து தரத் தயங்கக் காரணமில்லை. அது அம்மாநிலச் சட்டம் மதிக்கப்படுவதற்கான உதவியே. நியூ ஜெர்சி, நியூ யார்க், மேரிலாண்ட் மாநிலத் தலைநகரங்களான டிரென்டனுக்கும் ஆல்பனிக்கும் அன்னாபொலிஸுக்கும் அந்தப் பத்திகளை அனுப்பிக் கேட்டுப் பாருங்கள்.

தனிமனிதருக்குச் சட்ட ஆலோசனை வழங்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று கவுன்ட்டர்களில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஆலோசனை வேறு, அறிவிப்பு வேறு. ஒருவருடைய வழக்கில் என்ன செய்யலாம் என்று சொல்வதே ஆலோசனை. இந்த அட்டை ஆற்றுக்கு அக்கரையில் செல்லாது என்று எல்லாருக்கும் ஒரே வாசகத்தில் சொல்வது, அட்டையை வழங்கியவரின் பொறுப்பிலேயே அடங்கியது. காங்கிரஸ் நாடு முழுவதற்கும் ஒரே ஏற்புச் சட்டம் கொண்டுவரும் வரை பொறுக்கலாம் என்ற பதிலும் எனக்கு நிறைவு தரவில்லை. 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அப்படி ஒரு மசோதாவை 231க்கு 198 என்ற வாக்கில் நிறைவேற்றியது. செனட்டில் அது நகரவில்லை. 2025இல் அதே நோக்கத்தோடு மீண்டும் மசோதா வந்தது. அது சட்டமானாலும் ஆகாவிட்டாலும், இந்த வாரக் கடைசியில் பாலத்தைக் கடக்கப் போகிறவருக்கு இன்றுள்ள சட்டம்தான் சட்டம்.

நியூ ஜெர்சிக்கான பத்தியை, சட்ட வாசகங்களைப் பார்த்து, என்னால் இயன்ற அளவு எளிய ஆங்கிலத்தில் எழுதி ஆங்கில மடலோடு இணைத்திருக்கிறேன். அதைத் திருத்தத் தகுதியுள்ள வழக்கறிஞர்கள் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். சிவப்பு மையால் எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துத் திருத்துங்கள். திருத்திய வாசகம் அரசின் பெயரோடு திரும்பி வந்தால், அதைத் தமிழில் பெயர்த்து எங்கள் பகுதியில் வேண்டுவோர் அனைவருக்கும் என் செலவில் அச்சடித்துக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பென்சில்வேனியா உரிமம் பெற்ற தமிழ்க் கடைக்காரர் ஒருவர்